மரமானவன் ஓட்டிய படகு

என் கணவர் அந்தப் புத்தகத்தின் முதுகில் கத்தியை வைத்தபோது பூகோள டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அது பழகிய காட்சி. நான் லேப்பில் ரத்தம் எடுக்கிறவள். என் எதிரில் கையை நீட்டி உட்காருகிறவர்களில் பாதிப்பேர் ஊசியைப் பார்க்காமல் சுவரைத்தான் பார்ப்பார்கள். “அதுக்கு வலிக்காது டீச்சர்” என்றேன். “உங்களுக்கென்ன, குத்திக் குத்திப் பழகிப்போச்சு” என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே.

புத்தகத்தை வெட்டுவது என் யோசனைதான். நாங்கள் நாலு பேர் சனிக்கிழமை சாயங்காலங்களில் என் கணவரின் பைண்டிங் கடையில் கூடிப் படித்த கதைகளைப் பேசுகிறவர்கள். டீச்சர், மருந்துக்கடைக்காரர், இரட்டைப்பிள்ளைக்காரி, நான். கடையில் பெரிய மேசை இருக்கிறது, டீ போட அடுப்பு இருக்கிறது, உலகத்தில் யாருக்கும் தொந்தரவு தராத ஒரு கடைக்காரரும் இருக்கிறார். வேறென்ன வேண்டும்? நூலகத்தில் கழித்துப் போட்ட குவியலிலிருந்து மருந்துக்கடைக்காரர்தான் அந்த நாவலைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு நாடு விடுதலையடைந்த கதை. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு கனம். அட்டை போய், ஓரங்கள் ஈரத்தில் ஊறி, கடைகளில் இனி கிடைக்காத புத்தகம். ‘குண்டு’ என்று பெயர் வைத்தோம். ஒருவர் முடித்து அடுத்தவருக்குக் கொடுப்பது என்றால் இரட்டைப்பிள்ளைக்காரியின் முறை வருவதற்குள் அவள் பிள்ளைகளே எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிடும். அதனால் நாலாகப் பிரித்துத் தனித்தனியாக பைண்ட் செய்து, தொடர் ஓட்டம் போல ஒருவர் பின் ஒருவராகப் படித்துக்கொண்டு ஓடுவது என்று முடிவானது. முன்னால் ஓடுகிறவர் பின்னால் வருகிறவருக்குக் கதையைச் சொல்லிவிட்டால் அன்றைக்குக் கடையைப் பெருக்க வேண்டும். பைண்டிங் கடையில் பெருக்குவது என்றால் சாதாரணமில்லை. காகித நறுக்குகள் துடைப்பத்தைக் கண்டாலே பறக்கும்.

ஒரு வாரம் கழித்து நாலு பாகங்களும் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் துணி அட்டை போட்டு மேசையில் இருந்தன. டீச்சர் சிவப்பைப் புரட்டியதும் முதல் குறை சொன்னார். பக்க எண்ணே இல்லை. அடி ஓரம் ஈரத்தில் அரித்திருந்தது, வெட்டிவிட்டேன் என்றார் என் கணவர். அத்தியாயங்களுக்கும் எண் கிடையாது, தலைப்பு மட்டும்தான். “அப்ப எந்தப் பக்கம்னு எப்படிங்க சொல்றது?” என்றார் டீச்சர். “நிறத்தைச் சொல்லுங்க” என்று டீ ஊற்றப் போய்விட்டார் இவர்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாணவர்களின் ஆராய்ச்சிக் கட்டுரைகள், அலுவலகக் கோப்புகள், கல்யாண ஆல்பங்கள் என்று நாளெல்லாம் காகிதத்தோடு கிடக்கிற மனுஷன். ஒரு கதைப் புத்தகத்தை அவர் பிரித்துப் படித்து நான் பார்த்ததில்லை. எந்தக் கட்டுரை வந்தாலும் தைக்கும் முன் பக்கங்களை மூன்று முறை சரிபார்ப்பார். எழுதியவனே கவனிக்காத தவறை எடுத்துக் காட்டுவார். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிடும். அப்படியே வாங்கினாலும் அது பெரும்பாலும் ஒரே பதிலாகத்தான் இருக்கும். “உன் இஷ்டம்.”

எந்தப் புடவை? உன் இஷ்டம். மகளுக்கு எந்தக் கல்லூரி? அவ இஷ்டம், உன் இஷ்டம். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் என்னைக் கொடுத்துவைத்தவள் என்பார்கள். மருந்துக்கடைக்காரரின் மனைவி ஒருமுறை என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள், இப்படி ஒருத்தர் கிடைக்கணுமே என்று. நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்துப் பெருமைப்பட்டேன். லேப் நிறுவனம் வேறொரு ஊரில் புதுக் கிளை கட்டுகிறது, அதை முழுசாக நான் பொறுப்பெடுத்து நடத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கேட்டபோதுதான் அந்தப் பெருமை எனக்குக் கசந்தது. கட்டடம் முடிவதற்குள் பதில் சொல்லுங்கள் என்றார்கள். சந்தோஷத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வரை ஓடிப்போய் இவரிடம் சொன்னேன். தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த தட்டையே இன்னொரு முறை துடைத்துவிட்டுச் சொன்னார், “நல்ல விஷயம்தான். உன் இஷ்டம்.”

“நீங்க வருவீங்களா?”

“முதல்ல நீ முடிவு பண்ணு.”

அவர் போகாதே என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வர்றேன் என்றிருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பேன். இந்த மனுஷன் கதவைத் திறந்துவிட்டுவிட்டு, தான் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று மட்டும் சொல்லவில்லை. மகளிடம் போனில் புலம்பினேன். “அப்பாகிட்ட நேரா கேளும்மா” என்றாள். நேராகக் கேட்டதற்குத்தான் இந்தப் பதில் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? அவர் இல்லாமல் அந்த ஊருக்குப் போக எனக்கு மனசில்லை. மனசில்லை என்பதை அவரிடம் சொல்லவும் எனக்கு வீம்பு. அங்கே செங்கல் ஏற ஏற, இங்கே நான் குண்டைப் படிக்க ஆரம்பித்தேன்.

குண்டு லேசில் பிடி கொடுக்கவில்லை. ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். நாடு விடுதலையடைந்துவிட்டது, ஆனால் அந்தச் சேதி ஊருக்கு வந்து சேரவில்லை. சேதியை ஒரு பெட்டியில் வைத்து இரண்டு அதிகாரிகள் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் நடக்க நடக்க ஆறு நீண்டுகொண்டே போகிறது. இதற்கிடையில் ஊரை ஆண்ட கவர்னர் செத்துப்போகிறார். செத்தவர் மறுநாள் வழக்கம்போல் ஆபீஸுக்கு வந்து நிழலுக்கு வரி போடுகிறார். ஜனங்கள் உச்சி வெயிலில் மட்டும் வெளியே நடமாடுகிறார்கள், அப்போதுதான் நிழல் குட்டையாக இருக்கும். ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் இரண்டு பக்கம் தாண்டித்தான் மூச்சு விடும். தாத்தா பெயரும் பேரன் பெயரும் ஒன்று. சிவப்பைப் பாதி தாண்டியபோது மருந்துக்கடைக்காரர் மாத்திரை உறையின் பின்பக்கம் குடும்ப மரம் வரைந்து எங்களிடம் காட்டினார். அதில் ஒருத்தி தன் மாமனாருக்கே பாட்டியாக இருந்தாள். “இதுல பாதிக்கு மேல தூக்க மாத்திரை” என்றார். டீச்சர் ஒருவர்தான் உற்சாகமாக இருந்தார். ஆறு நீளுகிற இடங்களில் பென்சிலால் கோடு போட்டு, இது எந்த மாதிரி மண் என்று ஓரத்தில் குறித்துவைத்தார். இரட்டைப்பிள்ளைக்காரிக்கு வரிசையெல்லாம் கவலையில்லை. ஒரு பிள்ளை தூங்கினால் ஒரு பக்கம், இரண்டும் தூங்கினால் ஒரு அத்தியாயம். “செத்த கவர்னர் எனக்கு நல்லா புரியுதுக்கா. எங்க மாமியார் ஊருக்குப் போனாலும் அவங்க சட்டமெல்லாம் வீட்டுலயேதான இருக்கு” என்றாள்.

எனக்குப் பிடித்தது படகுக்காரனும் அவன் மனைவியும். பச்சைப் பாகத்தில் வருகிறார்கள். ஊரில் யாருக்கும் தெரியாத விடுதலைச் சேதி அவளுக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது. உப்புப் பானையில் கையை விட்டால் உப்பு குளிர்ந்திருக்கிறது, அதை வைத்தே கண்டுபிடிக்கிறாள். சேதி வருகிற வரை இங்கே உட்கார்ந்திருக்க முடியாது, அக்கரைக்குப் போய் நானே எதிர்கொள்கிறேன் என்கிறாள். படகுக்காரன் பதில் சொல்லாமல் வலையைப் பின்னுகிறான். அந்த இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இவரைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். “என்ன?” என்றார். “ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க” என்றேன்.

நீலப் பாகத்தில் அவள் அக்கரையில் இருக்கிறாள். எப்படிப் போனாள் என்று புத்தகம் சொல்லவில்லை. இந்தப் புத்தகத்திடம் அதையெல்லாம் கேட்க முடியாது என்று அதற்குள் பழகியிருந்தோம். வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொன்ன இவன் இக்கரையில் நிற்கிறான். நிற்கிறான், நிற்கிறான், கால் விரல்கள் சேற்றுக்குள் இறங்கி வேராகிவிடுகின்றன. மரமாகிறான். கடைசியில் சேதிப் பெட்டி ஊருக்கு வந்து சேர்கிறது. கொடியேற்றக் கம்பம் இல்லை. அந்த மரத்தை வெட்டிக் கம்பமாக நடுகிறார்கள், ஊரே அண்ணாந்து வணக்கம் வைக்கிறது. நான் அதை லேப்பில், சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். அழுகை வந்துவிட்டது. ரிப்போர்ட் வாங்க வந்தவர் தன் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் நான் அழுகிறேன் என்று வெளிறிப்போனார். “உங்களுக்கு ஒண்ணுமில்லங்க, சர்க்கரைகூட இல்ல” என்று சமாதானம் செய்து அனுப்பினேன்.

மஞ்சள் பாகத்தில் அதே படகுக்காரன் படகில் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறான். எதிரில் மனைவி. மழை விடாமல் பெய்கிறது, இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து ஆறே சுருங்குகிறது. நடு ஆற்றில் சேதிப் பெட்டியைச் சந்திக்கிறார்கள், திறந்து பார்த்தால் உள்ளே காலி. அவள் தன் சீப்பையும் அவன் தன் சட்டையையும் அதற்குள் வைத்துக்கொண்டு அக்கரையை நோக்கிப் போகிறார்கள். துடுப்பு தண்ணீரைத் தொட்டது என்று முடிகிறது. மூடிவைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். எனக்கு நெஞ்சு லேசாகியிருந்தது.

நாலு பேரும் முடித்த சனிக்கிழமை, கடையில் ஒரே களேபரம். கம்பமாக வெட்டின பிறகு அவன் எப்படிப் படகு ஓட்டுகிறான் என்பதுதான் கேள்வி. “இந்த மாதிரிப் புத்தகத்துல இதெல்லாம் கேக்கக் கூடாது” என்றாள் இரட்டைப்பிள்ளைக்காரி. டீச்சர், படகு அந்த மரத்தில் செய்தது, மரத்தின் ஆத்மாதான் அவனாகத் தெரிகிறது என்றார். மருந்துக்கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். குண்டைப் பாதியில் விட இருந்தவர், இப்போது அதன் வக்கீல். “விடுதலைக்குப் பிறகு காலம் நேரா ஓடாதுங்கறதுதான் ஆசிரியர் சொல்ல வர்றது. முன்னாடி நடந்தது பின்னாடி வரும். அதாவது, கடைசிப் படகு ஒரு கனவு. செத்த நாட்டோட கனவு.”

“கனவு இல்ல.”

எல்லாரும் திரும்பினோம். டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த என் கணவர்தான். சொன்னவருக்கே தூக்கிவாரிப்போட்டிருக்க வேண்டும், காது மடல் சிவந்துவிட்டது. “நீங்க படிச்சீங்களா பைண்டரே?” என்றார் மருந்துக்கடைக்காரர். “தைக்கும்போது கண்ணுல பட்டுச்சு” என்று சொல்லிவிட்டு டம்ளர்களோடு பின்கட்டுக்குப் போனவர் கூட்டம் கலையும் வரை வரவில்லை. குண்டு அவர் கையில் இருந்த வாரம், கண் சிவக்கச் சிவக்க வீட்டுக்கு வந்ததும், கேட்டால் வேலை என்றதும் எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். வெளியூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே அலமாரியில் குண்டு, முழுசாக, அட்டையோடு, பக்க எண்ணோடு. சும்மா கடைசிப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறார். “கடைசிப் பக்கத்துல கொடிக் கம்பம் நிக்குது” என்றார் டீச்சர். “படகு அதுக்கு முன்னாடி. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் அக்கரைக்குப் போறாங்க. அப்புறம் வீட்டைப் பூட்டிட்டு வர்றேன்னு அவன் மட்டும் திரும்பி வர்றான். வந்தவன் திரும்பப் போகல. நின்னுடறான். அதான் கதை. நாம நீலத்தையும் மஞ்சளையும் மாத்திப் படிச்சிருக்கோம்.”

பொட்டலத்தைப் பிரித்து அந்தப் புத்தகத்தை மேசையில் வைத்தார். பிறகு இரட்டைப்பிள்ளைக்காரி சிரிக்க ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து நான், என்னைப் பார்த்து டீச்சர். கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பழகிய பாதையில் ஒரு கல் இடம் மாறினாலும் கண்டுபிடிக்கிறவர்கள், ஒரு நாவலே இடம் மாறிக் கிடந்ததற்கு ஆளுக்கொரு விளக்கம் கொடுத்திருக்கிறோம். மருந்துக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய காலம் இப்படி நேராகிவிட்டதில் முகம் தொங்கிப்போயிருந்தது. “என்னோட கருத்து அப்பவும் தப்பில்ல” என்றார் மெதுவாக.

“கை தவறிருச்சு” என்றார் என் கணவர். “மன்னிச்சுக்குங்க. சரி பண்ணித் தர்றேன்.”

அதனால் என்ன, விடுங்கள் என்றார்கள் எல்லாரும். ஆனால் அவருடைய கை தவறாது என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பேசாமல் நடந்தேன். அவரும் பேசவில்லை, ஆனால் அவர் பேசாததற்கும் நான் பேசாததற்கும் வித்தியாசம் உண்டு என்று அவருக்குத் தெரியும். மறுநாள் பூரா அது என்னை விடவில்லை. கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

திங்கட்கிழமை லேப்பில் போன் வந்தது. புதுக் கட்டடத்தில் தரைக்குக் கல் பதித்தாயிற்றாம். இனியும் தள்ளிப்போட முடியாது மேடம், இந்த வாரம் சொல்லிவிடுங்கள் என்றார்கள். மதியம் சாப்பாட்டைத் திறக்காமலே கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தால், இவர் முழங்காலில் உட்கார்ந்து கட்டிங் மெஷினின் காலுக்கடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“கை தவறிருச்சுன்னு சொன்னீங்க.”

“ம்.”

“ஒரு கட்டுரையில ஒரு தாள் தலைகீழா இருந்தா உங்களுக்குத் தூக்கம் வராது. நாவல்ல பாதி மாறியிருக்கு. பக்க எண்ணையும் பார்த்து வெட்டியிருக்கீங்க. ஏன்?”

மறைக்காத கையால் தரையில் கிடந்த நறுக்குகளைக் கூட்டினார். சரி, இதற்கும் என் இஷ்டம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“அந்த முடிவு எனக்குப் பிடிக்கல” என்றார். “அவ அந்தக் கரையில தனியா நிக்கிறா. இவன் இங்க கம்பமா நிக்கிறான். ஊரே சல்யூட் அடிக்குது. என்ன பிரயோஜனம்? வீட்டைப் பூட்டிட்டு வர்றதுக்கு இவ்வளவு நேரமா? எனக்கு ஆத்திரமா வந்துச்சு. நீ அதைக் கடைசியாப் படிச்சா...” மென்று விழுங்கினார். “நீ அதைக் கடைசியாப் படிக்க வேணாம்னு தோணுச்சு.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் கோபமும் உண்மைதானே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“நான் என்ன படிக்கணும்கறதை நீங்க வெட்டி ஒட்டுவீங்க. போகணுமா வேணாமாங்கறது மட்டும் என் இஷ்டம். அப்படித்தானே?”

“தப்புதான்.”

“தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? போன்னு விடறது பெருசில்ல. கூட வர்றேன்னோ, வர முடியாதுன்னோ ஒரு வார்த்தை. அதுகூடவா எனக்குக் கிடையாது?”

“அங்க நான் யாரு?” என்றார். “இங்க பைண்டர்னா எல்லாருக்கும் தெரியும். அங்க லேப் மேடத்தோட வீட்டுக்காரர். நாளெல்லாம் சும்மா உக்காந்து உன் வாயைப் பார்த்துக்கிட்டு இருந்தா, உனக்கே ஒரு நாள் பாரமாப் போயிடுவேன்.”

“இங்க நான் இத்தனை வருஷமா பைண்டர் பொண்டாட்டிதான். தேய்ஞ்சா போயிட்டேன்?”

அவர் முகத்தில் லேசாக அசடு வழிந்தது. எனக்கும் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டேன். இவ்வளவு காலமும் இவர் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். அந்தப் பயத்தைப் பெருந்தன்மை என்று நானும் ஊரும் எண்ணியிருக்கிறோம். மேசையில் நீலமும் மஞ்சளும் அட்டை கழற்றப்பட்டு, சரியான வரிசையில் தைக்கத் தயாராக இருந்தன. அவற்றின் மேல் காகிதம் பறக்காமலிருக்கக் கத்தரிக்கோலை வைத்திருந்தார்.

“பின்னாடி என்ன மறைக்கிறீங்க?”

தயங்கித் தயங்கிக் கையை முன்னால் கொண்டுவந்தார். அளக்கிற இரும்பு டேப். கொஞ்சம் வெளியே இழுபட்டு, அவர் கட்டைவிரல் ஓரிடத்தில் அழுத்தியிருந்தது. நான் மெஷினைப் பார்த்தேன். பிறகு வாசலைப் பார்த்தேன். அந்த மெஷின் உள்ளே வந்த பிறகுதான் இந்தக் கதவு நிலையையே வைத்தார்கள் என்று எங்களுக்குக் கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறார். அப்போது அதை ஒரு பெருமையாகத்தான் சொன்னார்.

“வெளிய வருமா?” என்றேன்.

“நாலு விரக்கடை இடிக்கும்போல இருக்கு. நிலையைக் கழட்டணும்.”

“கடை ஓனர் ஒத்துக்குவாரா?”

“கேக்கணும்.”

“யாரு கேக்கறது?”

வழக்கமாக அவர் சொல்கிற பதிலுக்காக என் காது தன்னாலேயே காத்திருந்தது. அவர் எழுந்து, முழங்காலில் ஒட்டியிருந்த காகித நறுக்குகளைத் தட்டிவிட்டார். டேப்பின் முனையை என்னிடம் நீட்டினார்.

“நானே கேக்கறேன். நீ இந்த முனையைப் புடி. ஒத்தை ஆளா அளந்தா சரியா வராது.”

நிலையின் ஓரத்தில் முனையை வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் பின்வாக்கிலேயே நடந்து வாசலின் அந்தப் பக்கத்துக்குப் போனார். பாதி இறங்கிய ஷட்டருக்கடியில் நுழைந்த வெயிலில், எங்களுக்கு நடுவே மஞ்சள் டேப் கொஞ்சம் தொய்ந்து ஆடியது.

“இழுத்துப் புடி” என்றார்.

இழுத்துப் பிடித்தேன்.